எதைக் கேட்பது? தருமபுரியில் ஆறு சனிக்கிழமை மாலைகள்

நவீன மேற்கத்திய இசையைக் கேட்பதற்காக நாங்கள் நடத்திய மாலைகளில், முதல் சனிக்கிழமை 23 பேர் வந்தார்கள். தேநீர் குடித்து முடித்தபோது 9 பேர்தான் மிச்சம். போன அந்த 14 பேரை வைத்துத்தான் இந்த நிகழ்வு ஆய்வையே எழுதுகிறேன், ஏனென்றால் அவர்கள் ஏன் போனார்கள் என்று புரிந்துகொள்ள எங்களுக்கு அடுத்த ஐந்து வாரம் தேவைப்பட்டது.

நான் தருமபுரியில் வயலினும் கீபோர்டும் சொல்லித் தருகிறேன். 20ஆம் நூற்றாண்டில் மேற்கே எழுதப்பட்ட செவ்வியல் இசை, அதாவது பீத்தோவன் காலத்துக்கெல்லாம் ரொம்பப் பிறகு வந்த நவீன இசை, எனக்கு உயிர். அது பெருநகரத்தில் படித்தவர்களுக்கு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிற ஊர் இது. இங்கே யாருக்கும் பொறுமை குறைவு என்று சொல்லிவிட முடியாது. அதனால் ஆறு சனிக்கிழமை, மாலை 6 மணி முதல் 8 மணி வரை, இந்த இசையை இதுவரை கேட்டிராதவர்களுக்குக் கேட்கக் கொடுப்பது என்று நானும் இரண்டு நண்பர்களும் முடிவு செய்தோம். இடம், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி, மேலே தகரக் கூரை. வந்தவர்களில் என் மாணவர்களின் பெற்றோர் இருந்தார்கள், கல்லூரிப் பிள்ளைகள் இருந்தார்கள், பென்னாகரம் பக்கத்திலிருந்து கூத்துக்கு மத்தளம் வாசிக்கிற பெரியவர் ஒருவர், நாதஸ்வரம் வாசிக்கிற அண்ணன் தம்பி இருவர், வங்கியில் வேலை செய்கிற ஒருவர், அங்கன்வாடி அக்கா ஒருவர்.

முதல் மாலை

நான் 40 நிமிடம் பேசினேன். புரொஜெக்டரில் படம் காட்டி, ஸ்வர அமைப்பு எப்படி உடைந்தது, ஏன் உடைந்தது, வியன்னாவில் என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, ஷோன்பெர்க் என்கிற வியன்னா இசையமைப்பாளர் 1912இல் எழுதிய ‘பியரோ லூனேர்’ போட்டேன். 21 கவிதைகள், ஒரு குரல், ஐந்து கலைஞர்கள். அந்தக் குரல் பாடவும் பாடாது, பேசவும் பேசாது, இரண்டுக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டே போகும். பாதி கேட்கும்போதே நாற்காலி நகர்கிற சத்தம் ஆரம்பித்துவிட்டது.

கடைசியில் மத்தளக்காரப் பெரியவரிடம் எப்படி இருந்தது ஐயா என்று கேட்டேன். “நீங்க சொன்னதெல்லாம் சரிதான் தம்பி. ஆனா நான் எதைக் கேக்கணும்னு சொல்லவே இல்லையே” என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னது முழுக்க உண்மை. வரலாறு சொன்னேன், பெயர்கள் சொன்னேன், ஆண்டுகள் சொன்னேன், காதுக்கு மட்டும் ஒரு வேலையும் தரவில்லை. கூத்தில் பார்க்கிறவனுக்கு வேலை இருக்கிறது: கதை தெரியும், அடுத்து யார் வருவார் என்று தெரியும், திரைக்குப் பின்னால் நின்று பாடும்போதே வேஷம் யாருடையது என்று கண்டுபிடித்துவிடுவான். புதிதாக வருகிற இசைக்கு அந்த மாதிரி ஒரு பிடி வேண்டும். அதை நான் கொடுக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். எந்த இசையைப் போடுவதற்கு முன்னாலும் காதுக்கு ஒரு வேலை, ஒன்றே ஒன்று. முடிந்தால் கேட்பதற்கு முன்னாலேயே அதைக் கையால் செய்துவிட வேண்டும். விளக்கம் வேண்டுமென்றால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கைத்தட்டல்

இரண்டாம் வாரம் 11 பேர். அன்றைக்கு எடுத்துக்கொண்டது ஸ்டீவ் ரைஷ் 1972இல் எழுதிய ‘கிளாப்பிங் மியூசிக்’. அமெரிக்கர். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால்தான் கானாவுக்குப் போய் அங்கத்துப் பறை வாசிப்பைப் படித்துவிட்டு வந்திருந்தார். வாத்தியமே தேவைப்படாத, மனித உடம்பு மட்டும் போதுமான ஒரு படைப்பு வேண்டும் என்று நினைத்து எழுதியது இது. இரண்டு பேர், நான்கு கைகள், வேறு எதுவும் இல்லை.

தட்டு இப்படி: மூன்று, ஒரு இடைவெளி, இரண்டு, ஒரு இடைவெளி, ஒன்று, ஒரு இடைவெளி, இரண்டு, ஒரு இடைவெளி. கூட்டிப் பார்த்தால் 12. நான் அதைச் சொற்கட்டாகவே, அதாவது தாளத்தை வாயால் சொல்கிற எழுத்துகளாகவே, எழுதிப் போட்டேன்: தகிட – தக – த – தக –. கோடு வருகிற இடத்தில் கை சும்மா இருக்கும், மனசு மட்டும் எண்ணும். மிருதங்கம் படிக்கிறவர்கள் கார்வை என்பார்களே, அதுதான். இரண்டு நிமிடத்தில் 11 பேருக்கும் வந்துவிட்டது.

விஷயம் இனிமேல்தான். ஒருவர் கடைசி வரை இதையே தட்டிக்கொண்டிருப்பார். இன்னொருவர் பல தடவை கூடவே தட்டிவிட்டு, ஒரு கட்டத்தில் ஒரு இடம் தள்ளிப்போவார், அதாவது முதல் தட்டைத் தூக்கிக் கடைசியில் போட்டுவிட்டு இரண்டாவது தட்டிலிருந்து தொடங்குவார். கொஞ்ச நேரம் அப்படி. பிறகு இன்னொரு இடம். இப்படி 12 தடவை தள்ளினால் பழைய இடத்துக்கே வந்து இரண்டு பேரும் மறுபடி ஒன்றாகத் தட்டுவார்கள், அத்தோடு முடிந்தது. மொத்தமே ஐந்து நிமிடம் போலத்தான்.

வாயால் சொன்னால் இது யாருக்கும் ஏறாது என்று தெரியும். தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு 12 புள்ளி வைத்தோம், எட்டுப் புள்ளியில் புளியங்கொட்டை, நாலு காலி. அதைச் சுற்றி அட்டைப்பெட்டியில் வெட்டிய ஒரு பெரிய வளையம், அதிலும் அதே வரிசையில் புளியங்கொட்டை. வளையத்தை ஒரு புள்ளி திருப்பினால் எங்கே இரண்டு கொட்டை ஒன்றாக வருகிறது, எங்கே ஒன்று மட்டும் இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். அதைப் பார்த்ததும் கல்லூரிப் பெண் ஒருத்தி, “இது கோலாட்டம்தானே அண்ணா, உள்வட்டம் நிக்குது, வெளிவட்டம் ஒரு ஆள் தள்ளிப் போகுது, சுத்தி முடிச்சா பழைய ஜோடிகிட்டயே வந்துடுவோம்” என்றாள். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

இன்னொன்றையும் வளையத்திலேயே கண்டுபிடித்தார்கள். முதல் தடவை ஒரு இடம் தள்ளும்போது நான்கு இடத்தில்தான் இரண்டு கொட்டையும் ஒன்றாக வருகிறது, இரண்டும் காலியாக இருக்கிற இடம் ஒன்றுகூட இல்லை. 12 இடமும் நிரம்பிவிடுகிறது. அதனால்தான் இத்தனை நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த தட்டு, சட்டென்று தகரத்தில் மழை விழுகிற மாதிரி இடைவெளியே இல்லாமல் கொட்ட ஆரம்பிக்கிறது. இன்னொரு இடம் தள்ளினால் இரண்டு கையும் சேர்ந்து நிற்கிற ஒரு சின்ன மௌனம் திரும்ப வருகிறது. தட்டுகிறவர்கள் மாறவில்லை, தட்டு மாறவில்லை, சேருகிற இடம் மட்டும்தான் மாறியது. இது புரிந்த நொடியில் அந்த மாடியில் எழுந்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது.

அப்புறம் தட்டிப் பார்த்தோம். ஆசான் பெரியவர்தான், அவர் நிலையாகத் தட்டுவார், மற்றவர்கள் ஒவ்வொருவராக அவருக்கு எதிரே உட்கார்ந்து தள்ளிப் பார்ப்பது. ஒவ்வொரு இடத்திலும் நான்கு சுற்று என்று குறைத்துக்கொண்டோம். நாலைந்து தள்ளலுக்கு மேல் பெரும்பாலானவர்கள் தடுமாறி அவருடைய தட்டுக்கே இழுபட்டுப் போனார்கள், அவர் மட்டும் அசையவே இல்லை. எதிராளியின் கையைப் பார்ப்பதுதான் இழுக்கிறது என்று பிறகு தெரிந்தது. முதுகோடு முதுகாக உட்கார்ந்து, சொற்கட்டை உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே தட்டியபோது இரண்டு பேர் முழுச் சுற்றும் முடித்தார்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் பதிவைப் போட்டோம். மூச்சு விடாமல் கேட்டார்கள், ஒவ்வொரு தள்ளலுக்கும் யாராவது ஒருவர் விரலைத் தூக்கினார். அதே பதிவை முதலில் போட்டிருந்தால் ‘யாரோ கை தட்டுகிறார்கள்’ என்று போயிருக்கும்.

ஒண்ணாம் கட்டையும் இரண்டாம் கட்டையும்

மூன்றாம் வாரம் 17 பேர், அதில் முதல் வாரம் எழுந்து போனவர்கள் நாலு பேர். டெரி ரைலி 1964இல் எழுதிய ‘இன் சி’. இதற்கு 53 சின்னச் சின்னத் துணுக்குகள். எத்தனை பேர் வேண்டுமானாலும் வாசிக்கலாம், எந்த வாத்தியத்திலும் வாசிக்கலாம். எல்லோரும் ஒன்றாம் துணுக்கிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் தனக்குத் தோன்றுகிற மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். ஒரே கட்டுப்பாடு, மற்றவர்களை விட்டு ரொம்ப முன்னாலோ ரொம்பப் பின்னாலோ போய்விடக் கூடாது, இரண்டு மூன்று துணுக்குக்குள் இருக்க வேண்டும். “தேர் வடம் பிடிக்கிற மாதிரி” என்றார் நாதஸ்வர அண்ணன். ஆமாம், அதேதான்.

நாங்கள் முதல் 13 துணுக்குகளை மட்டும் எடுத்து ஸ ரி க ம வில் எழுதிக் கொடுத்தோம். முதலாவது மிக எளிது, ஷட்ஜத்தைத் தொட்டுக் காந்தாரத்தில் நிற்பது, மூன்று தடவை. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ‘சி’ என்றால் நம் கணக்கில் ஒண்ணாம் கட்டை, அதாவது ஷட்ஜம் நிற்கிற சுருதி. நாதஸ்வரம் இரண்டு கட்டை. அதை ஒண்ணுக்கு இறக்க முடியாது. வாத்தியத்தை விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தோம், பிறகு கீபோர்டில் சுருதியை மாற்றுகிற டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு தடவை அழுத்திவிட்டு எல்லோருமே இரண்டு கட்டைக்குப் போனோம். எழுதியவரின் தலைப்புப்படி அது தப்பு. எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தமில்லை, இரண்டு நாதஸ்வரக்காரர்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டு நடத்துகிற ‘சரியான’ நிகழ்ச்சி யாருக்கு வேண்டும்?

இந்தப் படைப்பில் எல்லோரையும் கட்டிப்போடுவது மேல் ஷட்ஜத்தில் ஒரே சீராகப் போகிற ஒரு துடிப்பு. முதல் அரங்கேற்றத்துக்கான ஒத்திகையின்போது அந்த யோசனையைச் சொன்னது ஸ்டீவ் ரைஷ், அவரும் அதில் வாசித்தார். போன வாரம் கைதட்டிய அதே ரைஷ் என்றதும் எல்லோருக்கும் ஒரு சந்தோஷம், தெரிந்த ஆள் திரும்ப வந்த மாதிரி. எங்கள் துடிப்பை ஆறாம் வகுப்புப் படிக்கிற என் மாணவி கீபோர்டில் பிடித்தாள். 22 நிமிடம், நிறுத்தாமல், அவசரப்படாமல். ஒரு கட்டத்தில் வயலினும் ஆர்மோனியமும் ஐந்தாம் துணுக்கில் இருக்க, நாதஸ்வரம் ஏழுக்குப் போய்விட, இரண்டும் மேலே மேலே மோதி யாரும் எழுதாத ஒரு புது மெட்டு நடுவில் கிளம்பியது. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் வேலை இருந்தது: ஒரு வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு அது எத்தனையாவது துணுக்கில் இருக்கிறது என்று காகிதத்தில் விரல் வைத்துக்கொண்டே போவது.

நான்கு நிமிடம் 33 விநாடி

இதைச் சேர்க்கலாமா என்று எங்களுக்குள்ளேயே சண்டை. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் இந்தப் படைப்பில் கலைஞர் ஒரு சுரமும் வாசிக்க மாட்டார். 1952 ஆகஸ்ட் 29, நியூயார்க் மாநிலத்தில் வுட்ஸ்டாக் அருகே காட்டுக்குள் இருந்த ஒரு அரங்கில் டேவிட் டியூடர் பியானோ முன்னால் உட்கார்ந்து, மூன்று பகுதிகளுக்கும் மூடியைச் சாத்தித் திறந்து, எழுந்து போனார். கூரையில் மழை விழுந்த சத்தம் அன்றைக்கு இசையில் சேர்ந்தது.

விளக்கம் சொல்லாமல் ஆளுக்கு ஒரு காகிதம் கொடுத்து, கேட்கிற ஒவ்வொரு சத்தத்தையும் எழுதுங்கள் என்று மட்டும் சொன்னேன். கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பும் சத்தம்தான், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அங்கன்வாடி அக்கா 19 எழுதினார்: கண்டக்டர் விசில், பக்கத்து வீட்டு குக்கர், ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டிக்கென்பது, புளியமரத்துக்குத் திரும்புகிற காக்காய்கள், யாரோ எச்சில் விழுங்கியது. ஒரே பேருந்து வரும்போது ஹாரன் ஒரு சுருதியிலும் தாண்டிப் போகும்போது இறங்கிய சுருதியிலும் கேட்டது என்று எழுதியிருந்தார். பள்ளிப் பாடத்தில் இதற்கு டாப்ளர் என்று பெயர், அவருக்கு அது அன்றைக்குக் காதில் கிடைத்தது.

வங்கிக்காரருக்கு மட்டும் நிஜமாகவே கோபம். “இதுக்கு இசைன்னு யாரு பேர் வெச்சது?” என்றார். நான் வாதாடவில்லை. 1951 வாக்கில் கேஜ் ஹார்வர்டில் எதிரொலியே இல்லாத அறைக்குள் போய் நின்றும் இரண்டு சத்தம் கேட்டதையும், ஒன்று அவர் நரம்பு மண்டலம், மற்றது ரத்த ஓட்டம் என்று அங்கிருந்த பொறியாளர் சொன்னதாக அவர் திரும்பத் திரும்பச் சொல்லி வந்ததையும் மட்டும் சொன்னேன். வங்கிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் வந்தார்.

சரிவராதவை

லிகெட்டி என்கிற இசையமைப்பாளர் 1962இல் 100 மெட்ரோனோம்களுக்கு, அதாவது தாளத்தைச் சீராகத் தட்டிக் காட்டுகிற கருவிகளுக்கு, எழுதிய படைப்பைக் கைபேசிகளில் செய்து பார்த்தோம். சரியாக வரவில்லை. உண்மையான மெட்ரோனோம் சாவி இறங்க இறங்க ஒவ்வொன்றாக நிற்கும், அடர்த்தியான இரைச்சல் மெல்ல மெல்ல மெலிந்து கடைசியில் ஒன்று மட்டும் டக் டக் என்று தனியாக நிற்கும், அந்தத் தனிமையில்தான் உயிரே இருக்கிறது. கைபேசி தானாக நிற்காது. கையால் நிறுத்தச் சொன்னால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

மைக்செட் விஷயம் இதைவிட முக்கியம். வாடகைக்கு வந்த பெட்டிகள் திருவிழாவுக்கானவை, பேஸ் தூக்கி, எக்கோ போட்டு வைத்திருந்தார்கள். வயலினைவிடப் பெரிய வாத்தியமான செல்லோவின் மெல்லிய ஒலி அதில் காணாமல் போனது. முதல் வாரம் 14 பேர் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். மைக்செட்காரரிடம் சொல்லி எக்கோவை அணைத்து, பேஸை இறக்கி, பெட்டிகளைத் தரையிலிருந்து தூக்கி நாற்காலிமேல் வைத்த பிறகு அதே பெட்டிகளில் அந்தச் செல்லோ கேட்டது.

ஐந்தாம் வாரம் எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் 1978இல் வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதியது, இதை அதிகம் விவரிக்கத் தேவையில்லை. மெட்டு இரண்டு சுரத்தில் தொடங்கி வரவர ஒவ்வொரு சுரமாகக் கூடும். விரல் விட்டு எண்ணச் சொன்னோம். லயம் படித்த ஒருவர் ஸ்ரோதோவாக யதி, ஆறு மாதிரி போகப் போக அகலுகிற அமைப்பு, என்று உடனே பிடித்துவிட்டார். பாதிக்கு மேல் எண்ணுவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள், நாங்களும் எண்ணச் சொல்லவில்லை.

மறுபடியும் அதே ஷோன்பெர்க்

ஆறாம் வாரம் 26 பேர். பயத்தோடுதான் ‘பியரோ லூனேர்’ மறுபடி எடுத்தேன். 21இல் ஒன்றே ஒன்று, எட்டாவது, ‘இரவு’ என்று பெயர். இரண்டரை நிமிடம்கூட ஓடாது. குரலோடு பாஸ் கிளாரினெட், செல்லோ, பியானோ. முழுப் பாட்டும் மூன்றே சுரத்தின் மேல் நிற்கிறது: ஒரு சுரம், அதிலிருந்து மேலே ஒரு தாவல், அப்புறம் தொடங்கிய இடத்துக்கும் அரை சுரம் கீழே ஒரு விழுகை. அந்த மூன்றையும் கீபோர்டில் பத்து தடவை வாசித்துக் காட்டினேன், எல்லோரும் முனகிப் பார்த்தார்கள். வேலை இதுதான்: அந்த மூன்று சுரம் எங்கே கேட்டாலும் கை தூக்குங்கள்.

முதலில் அடியில் பியானோவில் வந்தபோது மூன்று கை. பிறகு கிளாரினெட், செல்லோ, அப்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு எங்கே பார்த்தாலும் அதுவே, கைகள் இறங்கவே இல்லை. முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். மூன்று தடவை போட்டோம். மூன்றாம் தடவை மத்தளக்காரர் கை தூக்கவில்லை, கண்ணை மூடிக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். “கட்டியங்காரன் வசனம் இப்படித்தான் தம்பி, பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவுல நிக்கும். அந்தம்மா அதைத்தான் பண்ணுது” என்றார். முதல் வாரம் இதே குரலை அவர் 20 நிமிடம் கேட்டிருக்கிறார்.

அங்கன்வாடி அக்கா வேறு மாதிரிச் சொன்னார். “இப்போ புரிஞ்சுது சார். ஆனா எனக்குப் பிடிக்கல. ராத்திரியில தனியா கேட்டா பயமா இருக்கும்.” பியரோவின் அந்தப் பாட்டு, ராட்சதக் கறுப்பு அந்துப்பூச்சிகள் வந்து சூரியனை மறைத்துவிடுவதைப் பற்றியது. அதை நான் அதுவரை யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதை நான் வெற்றியாகவே குறித்து வைத்திருக்கிறேன், அவர் கேட்ட பிறகுதான் அதைச் சொல்கிறார்.

செலவும் அடுத்ததும்

மாடி வாடகை ஒரு மாலைக்கு 500 ரூபாய், மைக்செட் 800, தேநீர் பிஸ்கட்டுக்கு 300 சொச்சம். ஆறு வாரத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 10,000 ரூபாய் ஆனது, மூன்று பேர் பங்கிட்டுக்கொண்டோம். மூன்றாம் வாரத்திலிருந்து வாசலில் ஒரு டப்பா வைத்தோம், அதில் வந்தது தேநீர்ச் செலவைத் தாண்டியது. புரொஜெக்டரை இரண்டாம் வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அடுத்து கிருஷ்ணகிரியில் செய்யக் கேட்கிறார்கள். மே, ஜூன், ஜூலை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், மாங்கூழ் ஆலைகளில் சீசன் ஓடும், வரவேண்டியவர்களில் பாதிப் பேர் ஷிஃப்டில் இருப்பார்கள். செப்டம்பர் என்று பேசியிருக்கிறோம். மத்தளக்காரர் முதல் மாலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டார், அட்டை வளையம் மடங்கிப்போய்விட்டது என்று அவரே பிளைவுட்டில் ஒன்று அறுத்துத் தருகிறாராம். புளியங்கொட்டை 16, ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.